‘காலையில தரை தெரியும்’ என்று சொல்லி வந்தவர்

கோவையில் வீட்டுப் பின்புறம் மீன் குளம் வைத்திருப்பவர்கள் இதைப் படித்துவிட்டு, அப்புறம் குளத்துப் பச்சையை எடுக்க யாருக்கு வேண்டுமானாலும் பணம் கொடுங்கள். எனக்குப் போனது 4,500 ரூபாய், கூடவே 11 கோய் மீன்கள்.

எங்கள் குளம் பெரிதில்லை. பத்தடி நீளம், ஆறடி அகலம், மூன்றடி ஆழம். சுமார் 5,000 லிட்டர் பிடிக்கும். அதில் 14 கோய். சித்திரை வெயிலில் தண்ணீர் பச்சையாகி, கையை விட்டால் மணிக்கட்டுக்குக் கீழே தெரியவில்லை. தப்பு என்னுடையதுதான். பிள்ளைகள் ஆசைக்கு ஒரு நாளைக்கு மூன்று நான்கு தடவை தீனி போட்டோம். நிழல் என்று ஒன்றும் கிடையாது. தின்னாத தீனியும் மீன் கழிவும் உரமாகி, மேலே வெயிலும் அடித்தால் பாசிக்கு வேறென்ன வேண்டும்?

மீன் கடைக் கல்லாவில் கிடந்த கார்டைப் பார்த்து ஒருவரைக் கூப்பிட்டேன். வந்தார், எட்டிப் பார்த்தார். எத்தனை லிட்டர், எத்தனை மீன், என்ன தண்ணீர், ஒன்றுமே கேட்கவில்லை. “நாளைக்குக் காலையில தரை தெரியும் சார்” என்றார். ஃபில்டர் கற்களையும் ஸ்பாஞ்சையும் வெளியே எடுத்து, குழாய்த் தண்ணீரைப் பீய்ச்சிப் பளபளவென்று கழுவினார். என்ன சுத்தம் என்று நானும் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தக் கல்லில் வழவழவென்று ஒட்டியிருப்பதுதான் அமோனியாவை நைட்ரேட்டாக மாற்றும் பாக்டீரியா, குழாய்த் தண்ணீரில் இருக்கும் குளோரின் பட்டால் அது செத்துவிடும், மறுபடி வளர நான்கு முதல் ஆறு வாரம் ஆகும் என்பதெல்லாம் பட்ட பிறகு தெரிந்துகொண்டது.

அப்புறம் லேபிள் இல்லாத ஒரு வெள்ளை கேனைத் திறந்தார். “மூலிகை பாக்டீரியா” என்றார். (மூலிகை எப்படி பாக்டீரியா ஆகும் என்று அப்போதே கேட்டிருக்க வேண்டும்.) எங்கள் வாளியில் ஊற்றிக் கலக்கி, நாலு பக்கமும் வீசிவிட்டு, ஜீபேயில் பணம் வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

சாயங்காலம் சுவரோரம் எப்போதும் ஒட்டியிருக்கும் நத்தைகளில் ஒன்றைக்கூடக் காணோம். ராத்திரி பதினொரு மணிக்கு மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. போன் செய்தால், “மருந்து வேலை செய்யுதுங்க, அப்படித்தான் இருக்கும்.” விடியற்காலை ஐந்தரைக்குப் போய்ப் பார்த்தேன். சொன்னபடியே தரை அரைகுறையாகத் தெரிந்தது. மேலே 11 மீன்கள் மல்லாந்து மிதந்தன.

பக்கத்துத் தோட்டத்துப் பெரியவர் வந்ததும் வாளியைத்தான் பார்த்தார். விளிம்பைச் சுற்றி நீல வளையம். “இது மயில்துத்தம் கண்ணு. தென்னைக்குப் போர்டோ கலவை போடறப்ப என்ற டிரம்மும் இப்படித்தான் ஆகும்” என்றார்.

மயில்துத்தம், அதாவது காப்பர் சல்பேட், பாசியைக் கொல்லும், அது உண்மைதான். நத்தையையும் மீனையும்கூடக் கொல்லும். தண்ணீரின் காரத்தன்மையைச் சோதித்த பிறகே அளவு முடிவு செய்ய வேண்டும். காரத்தன்மை லிட்டருக்கு 50 மில்லிகிராமுக்குக் கீழே இருந்தால் அந்தப் பக்கமே போகக் கூடாது. எங்கள் வீட்டில் வருவது சிறுவாணி. குடிக்க அவ்வளவு ருசியான, காரத்தன்மை குறைந்த அந்த மென்னீரில் தாமிரத்தின் விஷம் இன்னும் கடுமையாக ஏறும். போதாததற்கு, குளத்துப் பாசி மொத்தமும் ஒரே நேரத்தில் செத்து அழுகினால் இருக்கிற ஆக்சிஜனையும் இழுத்துவிடும். சாதாரண நாளிலேயே விடியற்காலையில்தான் அது மிகக் குறைவு.

மறுபடி கூப்பிட்டபோது, “உங்க மீனுக்கு ஏற்கெனவே சீக்குங்க” என்றார். அதன் பிறகு போனை எடுப்பதே இல்லை.

முந்தின நாள் பிடித்து வைத்திருந்த டிரம் தண்ணீரில் ஏர் பம்ப் போட்டு மூன்று மீன்களைக் காப்பாற்றினோம். இப்போது குளத்துக்கு மேலே நிழல்வலை, உள்ளே நான்கு அல்லித் தொட்டிகள். தீனி ஒரு வேளைதான், அதுவும் இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கிற அளவு. வாரம் ஒரு முறை ஐந்தில் ஒரு பங்கு தண்ணீரை மாற்றுகிறேன். ஃபில்டர் கற்களைக் குளத்துத் தண்ணீரிலேயே அலசுகிறேன். நூல் நூலாக வளரும் இழைப்பாசியைக் குச்சியில் சுற்றி இழுத்தால் போதும். அதற்கு யுவி விளக்கு வாங்கச் சொன்னால் ஏமாறாதீர்கள், அது தண்ணீரில் மிதக்கும் நுண்பாசியால் வரும் பச்சையைத்தான் தெளிய வைக்கும். லேசான பச்சை இன்னும் இருக்கிறது. மீன்களுக்கு அதில் ஒரு குறையும் இல்லை.

நடந்ததைச் சொன்னதும் மீன் கடைக்காரர் அந்தக் கார்டுகளை எடுத்து மேஜை டிராயரில் போட்டார். போன வாரம் தீனி வாங்கப் போனேன். மறுபடி கல்லாவுக்கு மேலே இருந்தன.