வேப்பமரத்தடிச் சுண்டல் கடை

மகள் படிக்கும் கல்லூரி பொள்ளாச்சிச் சாலையில் இருக்கிறது. கட்டணம் கட்டப் போனபோது, நூலகத்துக்குப் பின்னால் வேப்பமரத்தடியில் மாணவர்களே நடத்தும் கடையைப் பார்த்தேன். வணிகவியல் இரண்டாம் ஆண்டுப் பிள்ளைகள் ஆறு பேர். மாலை மூன்றரைக்குத் திறக்கிறார்கள்.

தட்டைப்பயறு சுண்டல் 20 ரூபாய். தேங்காய்த் துருவலும் மாங்காய்க் கீற்றும் தாராளம். உப்புதான் சற்றுத் தூக்கல். கம்பங்கூழ் 15 ரூபாய், கடித்துக்கொள்ள மோர்மிளகாய் உண்டு. எள்ளுருண்டை பல்லுக்குச் சோதனை, பாகு முற்றிவிட்டது. சொன்னேன். “நேற்று வாங்கியவரும் அதையேதான் சொன்னார் சார்” என்று கல்லாவில் இருந்த பெண் குறித்துக்கொண்டாள்.

இருபத்தெட்டு ஆண்டுகள் வங்கியில் சிறுதொழில் கடன் பிரிவில் இருந்தவன் நான். பழக்கம் விடுமா? கணக்கு நோட்டைக் கேட்டேன். தயங்காமல் நீட்டினார்கள். பயறு, தேங்காய், கேஸ் எல்லாம் ஏறியிருந்தன. ஒரு நாள் கூழ் புளித்துப்போய்க் கொட்டியதும் இருந்தது: “நஷ்டம் 180”, சிவப்பு மையில். ஆளுக்கு 30 ரூபாய் போட்டு ஈடுகட்டியிருக்கிறார்கள். என்னிடம் கடன் கேட்டு வந்த பட்டதாரிகள் பலரின் திட்ட அறிக்கையில் நஷ்டம் என்ற சொல்லையே நான் பார்த்ததில்லை.

நோட்டில் விட்டுப்போனவை இரண்டு: இட வாடகை, அவர்களுடைய கூலி. வாடகையைக் கல்லூரி வாங்குவதில்லை. இந்தச் சுண்டலை வெளியே 20 ரூபாய்க்கு விற்றால் கட்டுப்படியாகாது என்பது பிள்ளைகளுக்குத் தெரியவில்லை. நிர்வாகம் மாதம் 500 ரூபாயாவது வாங்கட்டும்.

“உணவுப் பாதுகாப்புப் பதிவு எண் எங்கே கண்ணு?” என்றேன். விழித்தார்கள். சிறு வியாபாரிகளுக்கென்றே அடிப்படைப் பதிவு இருக்கிறது. 14 இலக்க எண் தருவார்கள். இதைச் சொல்லித்தர வேண்டிய தொழில்முனைவோர் மையம் அதே வளாகத்தில்தான் இருக்கிறது. அன்று அங்கே சிறப்பு விருந்தினருக்குப் பொன்னாடை போர்த்திக்கொண்டிருந்தார்கள்.

கூழ் ஊற்றிய பையன், புதிதாகத் தொழில் தொடங்குவோருக்கான தமிழக அரசின் நீட்ஸ் திட்டத்தில் கடன் கிடைக்குமா என்று கேட்டான். 21 வயது ஆக வேண்டும், பொதுப்பிரிவு என்றால் திட்டச் செலவில் 10 சதவீதம் கைப்பணம் போட வேண்டும் என்றேன். விரல் விட்டு எண்ணினான். “இன்னும் ஒன்றரை வருடம் சுண்டல்தான் சார்.”

தேர்வு நாட்களில் கடை கிடையாது. நாலரைக்குள் போனால் மாங்காய் மிச்சமிருக்கும். சில்லறை கொண்டுபோங்கள்.