நீயா, நீரா, நீங்களா: வேலையை விடப் பார்க்கும் மூன்று கொலைகாரர்கள்

பொசன் போயா விடுமுறைக்கு எங்கள் வெள்ளவத்தை ஃபிளாட்டில் பத்துப் பேர் கூடிப் படம் பார்ப்பதென்று முடிவானது. இந்த முறை எடுத்த பொருள்: கையில் காசில்லாமல் எடுத்த உளவுப் படம், அதிலே வேலையை விட்டுப்போகப் பார்க்கும் கூலிக் கொலைகாரன். மூன்று படங்கள் தேறின. 'மேர்டர் பை கொன்ட்ராக்ட்' (1958), 'பிளாஸ்ட் ஒஃப் சைலன்ஸ்' (1961), 'த அமெரிக்கன்' (2010). வருகிறவர்களில் பாதிப் பேருக்கு ஆங்கிலம் ஓடாது. ஆகவே ஒன்றுக்கு நான் தமிழில் சப்டைட்டில் எழுதவேண்டும். ஒன்றுக்குத்தான் நேரம்.

நான் எடுத்தது நடுவில் உள்ளதை. மூன்று வாரம் இரவிரவாக அதோடு குடித்தனம் நடத்தியிருக்கிறேன், அதனால் இங்கே நடுநிலை எதிர்பார்க்க வேண்டாம். முடிவுகளையும் சொல்லத்தான் போகிறேன்.

முதலில் ஒரு ஒப்புதல். 'உளவு' என்று பெயர் வைத்தோமே தவிர, மூன்றில் இரண்டில் ஒரு உளவாளியும் இல்லை. பாதாள உலகத்துக்குக் கூலிக்குச் சுடுகிறவர்கள்தான். 'அமெரிக்கன்' ஒன்றில்தான் உளவு வாடை, அதிலும் அந்த மனிதன் யாருக்கு வேலை செய்கிறான் என்பதைக் கடைசிவரை சொல்லவேயில்லை. செலவு விஷயமும் அப்படித்தான். 'அமெரிக்கன்' எடுக்க 20 மில்லியன் டொலர் அளவில் போனதாம். ஹொலிவூட் கணக்கில் அது சில்லறை. எங்கள் கணக்கில் சொல்லத் தேவையில்லை.

மூன்றும் நீளமான படங்களல்ல: 81 நிமிடம், 77 நிமிடம், 105 நிமிடம். 2022இல் ஒரு கட்டத்தில் நாளுக்கு 13 மணித்தியாலம் கரண்ட் போன காலத்திலிருந்து, லப்டொப் பற்றரிக்குள் முடிகிற படம் என்றால் எனக்கு ஒரு தனிப் பட்சம். நடிப்பு, ஒளிப்பதிவு எல்லாம் மூன்றிலும் நன்று. அதில் மினக்கெடாமல் விடுகிறேன்.

'அமெரிக்கன்' படத்துக்கு சப்டைட்டில் எழுதியிருந்தால் இரண்டு இரவில் முடிந்திருக்கும். பேச்சே அவ்வளவு குறைவு. இயக்கிய அன்ரன் கோர்பைன் புகைப்படக் கலைஞர். ஒவ்வொரு காட்சியும் சட்டம் போட்டு மாட்டலாம் போல நிற்கும். இத்தாலியின் மலைக்கிராமம் ஒன்றில் ஜோர்ஜ் குளூனி ஒளிந்திருந்து, யாரோ ஒரு பெண்ணுக்குத் துப்பாக்கி செய்து கொடுக்கிறார். ஒரு கராஜில் பொறுக்கிய இரும்புத் துண்டுகளை வைத்து அவர் சத்தமடக்கி செய்கிற இடம் இருக்கிறதே, பஞ்சிகாவத்தைப் பக்கம் பழைய உதிரிப்பாகம் வைத்து வேலை செய்கிற மெக்கானிக்கைப் பார்த்துக்கொண்டிருப்பது மாதிரி. ஆனால் எனக்கு இடறுவதும் அங்கேதான். இவ்வளவு ஆசையாக வேலை செய்கிற கை அந்த வேலையை ஏன் விடப்பார்க்கிறது? அந்த ஊரில் காதலிக்கிற வேறொரு பெண்ணுக்காக என்று படம் சொல்கிறது. எனக்கு நம்பிக்கை வரவில்லை. அமெரிக்காவில் சண்டைப் படம் என்று எண்ணிப் போனவர்கள் தியேட்டர் வாசலில் நடக்கிற மதிப்பெண் கணிப்பில் 'டி மைனஸ்' போட்டுவிட்டு வந்தார்கள், அது அநியாயம். நான் இதை ஒரே ஒரு தடவை, அதுவும் லப்டொப்பில்தான் பார்த்தேன். பெரிய திரையில் பார்த்தவர்கள் என்னோடு சண்டைக்கு வந்தால் நான் வாயைத் திறக்கமாட்டேன்.

உண்மையான போட்டி மற்ற இரண்டுக்கும் நடுவில்தான்.

'மேர்டர் பை கொன்ட்ராக்ட்' ஏறக்குறைய ஒரு வாரத்தில் சுட்டு முடித்த படம். இசைக்கு ஒரு கிற்றார், அவ்வளவுதான். கதாநாயகன் குளோட் கொலைகாரனைவிட வங்கி லிகிதர் மாதிரி. ஒஹாயோ ஆற்றங்கரையில் அவனுக்கு ஒரு வீடு வேண்டும். ஒழுங்கான உத்தியோகத்தில் இருந்து மிச்சம் பிடித்தால் எத்தனை வருடமாகும் என்று கணக்குப் பார்த்துவிட்டுத்தான் இந்தத் தொழிலுக்கே வருகிறான். கொழும்பில் ஃபிளாட் வாங்கக் கணக்குப் போட்டுப் பார்த்த எவருக்கும் அவன்மேல் ஒரு இரக்கம் வரும் (கொலையை நான் நியாயப்படுத்தவில்லை, வட்டி வீதத்தைச் சொல்கிறேன்). அவனைக் காவல் பார்க்க வருகிற இரண்டு பேருடைய கூத்து தனி. சாகவேண்டியவர் ஒரு பெண் என்று தெரிந்ததும் குளோட் மறுக்கிறான். காசு கூடக் கேட்கிறான். அவன் தொழிலை வெறுக்கவில்லை, கணக்கை முடித்துக்கொண்டு போகப் பார்க்கிறான்.

முதல் இருபது நிமிடத்துக்கு எழுதிப் பார்த்தேன். பேச்சு தபதபவென்று கொட்டுகிறது. தமிழ் வினைச்சொல் வாலோடு வருவது. இரண்டு வரிக்குள் அடக்கினால் கண் எழுத்தில்தான் நிற்கும், முகத்தைப் பார்க்க வழியில்லை. விட்டுவிட்டேன். மிச்சப் பகுதி இலகுவாக இருந்திருக்குமோ என்னவோ.

'பிளாஸ்ட் ஒஃப் சைலன்ஸ்' படத்துக்கு வருகிறேன். எழுதி, இயக்கி, தானே நடித்தவர் அலன் பாரன், முன்பு கொமிக்ஸ் வரைந்தவர். ஃபிராங்கி போனோ என்ற கொலைகாரன் நத்தார் காலத்தில் கிளீவ்லண்டிலிருந்து நியூயோர்க் வருகிறான். ஸ்ரற்றன் தீவுக்குப் போகிற படகில் பாதிக் காசை வாங்குகிறான். ஒருவனைப் பின்தொடர்கிறான். அநாதை விடுதியில் கூட இருந்த பழைய நண்பனையும் அவன் தங்கையையும் சந்திக்கிறான். துப்பாக்கி விற்கிற தடியன் ரால்ஃப் வீட்டில் எலி வளர்க்கிறான். அவன் விஷயத்தை மோப்பம் பிடித்துக் கூடக் காசு கேட்க, ஃபிராங்கி அவனைக் கொல்கிறான். பிறகு தொலைபேசி எடுத்து, எனக்கு இந்த வேலை வேண்டாம், விலகிக்கொள்கிறேன் என்கிறான். விலக முடியாது என்று பதில் வருகிறது. 'வேலையை விடுதல்' என்பது இந்தப் படத்தில் அந்த ஒரு அழைப்புத்தான். ஆற்றங்கரை வீடு இல்லை, இத்தாலி இல்லை.

இதை நான் எடுத்ததற்குக் காரணம் கதை அல்ல, குரல். படம் முழுக்க ஒரு கரகரத்த ஆண்குரல் பின்னாலிருந்து ஃபிராங்கியோடு பேசிக்கொண்டே இருக்கும். அவனைப் பற்றி அல்ல, அவனிடம். அவன் பிறந்த நிமிடத்திலிருந்து எல்லாம் தெரிந்த குரல். காசில்லாத படத்துக்கு இது ஒரு சிக்கன வழியும்கூட: தெருவில் ஊமையாகப் படம் பிடித்துவிட்டு, பேச்சைப் பிறகு மேலே ஒட்டலாம். குரல் லயனல் ஸ்ரான்டருடையது. பேசுகிற வசனத்தை எழுதியவர் வோல்டோ சோல்ற். இரண்டு பேருமே அந்தக் காலத்தில் கம்யூனிஸ்ட் என்று கறுப்புப் பட்டியலில் போட்டு ஹொலிவூட்டை விட்டுத் துரத்தப்பட்டவர்கள். ஸ்ரான்டரின் பெயர் படத்திலேயே இல்லை. சோல்ற் 'மெல் டேவன்போட்' என்ற புனைபெயரில் ஒளிந்துகொண்டார், பிறகு இரண்டு ஒஸ்கார் வாங்கினார். வேலையை விட முடியாத ஒருவனோடு, வேலையிலிருந்து விரட்டப்பட்ட இரண்டு பேர் பேசிக்கொண்டிருக்கிறார்கள். இதை அறிந்தபிறகு அந்தக் குரலை வேறு மாதிரிக் கேட்க முடியவில்லை.

ஆங்கிலத்தில் அந்தக் குரலுக்கு ஒரே ஒரு முன்னிலைச் சொல் போதும். எனக்கு மூன்று: நீ, நீர், நீங்கள். மூன்று வாரத்தில் ஒன்றரை வாரம் இதற்கே போனது.

முதலில் 'நீங்கள்' போட்டேன். அந்நியனை எடுத்தவுடன் 'நீ' என்பது மரியாதையில்லை என்று வளர்ந்த புத்தி. இருட்டுச் சுரங்கப்பாதை, ரயில் சத்தம், ஒரு தாயின் அலறல், தூரத்தில் பொட்டாக வெளிச்சம். கீழே நான் எழுதியது: 'பிறந்தீர்கள்.' பிறப்புப் பதிவுக் கந்தோரிலிருந்து கடிதம் வந்தது மாதிரி இருந்தது. வினை ஒவ்வொன்றும் இரண்டு எழுத்து நீளம் வேறு.

அடுத்து 'நீர்'. யாழ்ப்பாணத்துக் காதுக்கு இது சரியான தூரம். ஹெட்மாஸ்டர் பெரிய வகுப்புப் பெடியனைக் கூப்பிடுவது, கணவன் மனைவியைக் கூப்பிடுவது, பொலிஸ்காரர் இன்னும் கோபப்படாமல் விசாரிப்பது. மரியாதையும் இருக்கும், மேலே நின்று பார்ப்பதும் இருக்கும். கெட்டித்தனம் செய்துவிட்டேன் என்று முதல் பத்து நிமிடத்தை மலையகத்து ஹற்றன்காரத் தம்பி ஒருவனுக்குப் போட்டுக் காட்டினேன். அவன் பாதியில் நிறுத்தினான்.

"அக்கா, எங்களுக்கு நீர்னா தண்ணி. இல்லாட்டி ராஜா காலத்துப் படம். இவன் கோட்டு சூட்டுல்ல போட்டிருக்கான்?"

கொழும்பில் தமிழில் எழுதுவதன் கஷ்டம் இதுதான். ஒரு மாடி ஏறினால் யாழ்ப்பாணம், அடுத்த மாடியில் மலையகம், கீழே கடையில் 'நீங்க' என்று இழுத்துப் பேசுகிற முஸ்லிம் நானா. எல்லாருடைய காதுக்கும் ஒரே எடை உள்ள சொல் 'நீ' ஒன்றுதான்.

ஆனால் 'நீ' ஒன்றல்ல. தாயும் நீ என்பாள், அடிக்க வருகிறவனும் நீ என்பான். சாமியையும் நீ என்றுதான் கும்பிடுகிறோம். தன் நெஞ்சைக் கூப்பிட்டுப் பேசுகிறவர்களும் அப்படித்தான். குறளில் 'நெஞ்சொடு கிளத்தல்' என்று அதற்கு ஓர் அதிகாரமே இருக்கிறது. இந்தக் குரல் இதில் எது? 'டா' சேர்த்துப் பார்த்தேன், சினிமா வில்லன் வந்து நின்றான். அந்தக் குரல் ஃபிராங்கியை இடைக்கிடை பச்சைப்பிள்ளையைக் கொஞ்சுவது போல ஒரு சொல்லால் கூப்பிடும். அந்த இடத்தில் 'ராசா' என்று போட்டேன். அத்தோடு பிடிபட்டது. தாய் வேடத்தில் வந்த பேய் மாதிரி ஏதோ ஒன்று, மடியில் வைத்துத் தடவிக்கொண்டே கழுத்தைத் தேடுகிற குரல்.

அது நிலைத்ததும் மற்றவர்கள் தாமாக வரிசைக்கு வந்தார்கள். பழைய நண்பனுக்கு 'நீ'யும் 'மச்சா'னும். தங்கைக்கு 'நீங்கள்'. காசு கொடுக்கிறவர்களுக்கு 'நீர்'; தண்ணி என்று சிரித்தாலும் பரவாயில்லை, முதலாளிமாருக்கு அந்தப் பழைய வாடை பொருந்துகிறது. தடியன் ரால்ஃப் துப்பாக்கி விற்கும்போது 'நீங்கள்' என்கிறான். ரகசியம் தெரிந்து மிரட்ட வருகிறபோது 'நீ' ஆகிவிடுகிறான். ஆங்கிலத்தில் இந்தப் படி இறக்கம் காதில் விழாது. தமிழில் அவன் எந்த நொடியில் தன் சாவைத் தேடிக்கொண்டான் என்பதை எழுத்து குறைவதில் பார்க்கலாம். மற்ற இரண்டு படமும் எவ்வளவு நன்றாக இருந்தாலும் இந்த வேலையை எனக்குத் தந்திருக்காது.

போயா அன்று பின்னேரம் நல்ல மழை. மாலு பாணும் பிளேன்ரீயும். படம் தொடங்கி அந்தச் சுரங்கப்பாதை இருட்டு வந்த நேரம் பார்த்து, பின்னால் கடற்கரைத் தண்டவாளத்தில் பாணந்துறைப் பக்கம் போகிற ரயில் கட்டடத்தையே ஆட்டிக்கொண்டு போனது. ஸ்பீக்கர் நல்லதென்று ஒருவர் பாராட்டினார். நான் மறுக்கவில்லை.

கால்மணி நேரத்தில் சின்னம்மா கேட்டா: "ஆரடி உது கதைக்கிறது? அவன்ர மனச்சாட்சியோ?"

"பொறுங்கோ சின்னம்மா, பாருங்கோ."

"மனச்சாட்சி எண்டால் ஏன் செய்யாதை எண்டு சொல்லேல்லை?"

இதற்கு என்னிடம் பதில் இல்லை. படத்திடமும் இல்லையென்றே நினைக்கிறேன்.

குறையும் உண்டு. நடு இருபது நிமிடம் ஃபிராங்கி நடக்கிறான், நடக்கிறான், நடந்துகொண்டே இருக்கிறான். தூரத்தில் புள்ளியாகத் தொடங்கிக் கமெரா வரை நடந்து வருகிற ஒரு காட்சிக்கு எனக்கு மயிர் கூச்செறிந்தது; பின்வரிசையில் இரண்டு பேர் ஃபோனை எடுத்தார்கள். பெண் பாத்திரத்தை எழுதிய விதம் 1961ஐத் தாண்டவில்லை. கலகலவென்று ஒரு படம் வேண்டுமென்றால் 'மேர்டர் பை கொன்ட்ராக்ட்' போடுங்கள், கூட்டம் கலையாது.

முடிவுக் காட்சியை உண்மையான புயல் நாளில் எடுத்தார்கள். விலக முடியாமல் வேலையை முடித்துவிட்டு மிச்சக் காசை வாங்கப் போன இடத்தில் சதுப்பு நிலத்தில் அவனைச் சுட்டுப்போடுகிறார்கள். நாணல் எல்லாம் படுத்துக் கிடக்க அவன் தண்ணீரில் விழுகிறான். குரல் தொடக்கத்து இருட்டுக்கே திரும்பிவந்து, நீ மறுபடி வீட்டுக்கு வந்துவிட்டாய் என்ற பொருளில் முடிக்கும். 'வீடு வந்துவிட்டாய் ராசா' என்று எழுதியிருந்தேன்.

லைற்றைப் போட்டதும் சின்னம்மா பிடித்துக்கொண்டா. ஊரில் தமிழ் படிப்பித்து ஓய்வு பெற்றவ.

"வீடு எண்டு போட்டிருக்கிறாய். விடு எண்டதிலயிருந்து வந்தது வீடு. மோட்சம். உவனுக்கு மோட்சமோ?"

"வேலையை விடத்தானே சின்னம்மா பார்த்தவன்."

"அவன் விட்டவனோ? அவங்கள் எல்லோ விடேல்லை."

ஹற்றன்காரத் தம்பி, 'வீடு'ன்னா வீடுதான் டீச்சர் என்று எனக்காக வாதாடினான். அவனை அவ கணக்கில் எடுக்கவில்லை. 'பழைய இடத்துக்கு வந்துவிட்டாய்' என்று ஒரு மாற்றுவரி எழுதிப் பார்த்தேன். சரியாக இருக்கிறது, உயிரில்லை. ஃபைலில் இப்போதைக்கு இரண்டு வரியும் கிடக்கின்றன.