சீட்டுச் சோதனையா, கேள்விக்கொத்தா? அனோரெக்சியா உள்ள பிள்ளைகளுக்கு எது பொருந்தும்

எடை கூடிவிடும் என்ற பயத்தில் சாப்பாட்டை ஒதுக்கி மிகவும் மெலிந்துபோகும் நோய் அனோரெக்சியா நெர்வோசா. அது உள்ள பதின்ம வயதுப் பிள்ளைக்குத் திட்டமிடுவதும், ஒரு வழி சரிவராதபோது மனதை மாற்றிக்கொள்வதும் எவ்வளவு கைவருகிறது? இதைப் பார்க்க இரண்டு வழி உண்டு. ஒன்று, எதிரே இருத்திச் செய்விக்கும் சோதனை. மற்றது, பிள்ளையும் பெற்றோரும் பதில் சொல்லும் கேள்விக்கொத்து. வன்னியில் ஒன்றுக்குத்தான் நேரம் என்றால் நான் கேள்விக்கொத்தைத்தான் எடுப்பேன். நாடித்துடிப்பு மிகவும் குறைந்த பிள்ளைக்கு இரண்டும் வேண்டாம், முதலில் வைத்தியசாலை.

விஸ்கான்சின் சீட்டுச் சோதனையில் நிறம், வடிவம், எண்ணிக்கை ஆகியவற்றில் ஒன்றை வைத்துச் சீட்டுகளைச் சேர்க்க வேண்டும். எதை வைத்து என்று சொல்லமாட்டார்கள். சரியா பிழையா என்று மட்டும் சொல்வார்கள். தொடர்ந்து 10 தரம் சரிவந்ததும் விதி சத்தமில்லாமல் மாறும். மொழி அதிகம் தேவையில்லை என்பது நல்ல வசதி. எண்ணையும் எழுத்தையும் மாறிமாறிக் கோடிட்டு இணைக்கும் சோதனைக்கு அந்த வசதி இல்லை. 12 ஆங்கில எழுத்துக்குப் பதில் நம் 12 உயிரெழுத்தைப் போடலாம்தான். ஆனால் எ-ஏ, ஒ-ஓ என்று சோடி சோடியாக ஒரே சாயல், கண் தடுமாறும். பிறகு அந்த நேரத்தை வெளிநாட்டு அளவோடு எப்படி ஒப்பிடுவது?

அனோரெக்சியா உள்ள பெரியவர்களிடம் இந்தச் சோதனைகளில் தெரிகிற இறுக்கம், அதாவது பழைய வழியை விட்டு மாற முடியாமை, பதின்ம வயதினரிடம் ஆய்வுக்கு ஆய்வு மாறுகிறது. அமைதியான அறை, ஒரே வேலை, பரீட்சை மாதிரிச் சூழல் என்றால் கவனமாகப் படிக்கிற பிள்ளை நன்றாகவே செய்துவிடும். இரவுக்கு இடியப்பம் என்றிருந்த இடத்தில் அம்மா புட்டு அவித்துவிட்டால் அந்தப் பிள்ளை உடைந்து அழுவதைச் சீட்டு காட்டாது. அமெரிக்காவின் மினசோட்டாவில் 1945இல் ஓர் ஆய்வுக்காக 36 ஆண்கள் அரைப்பட்டினி இருந்தபோதும் இப்படித்தான்: கவனம் சிதறுகிறது என்று அவர்களே சொன்னார்கள், அறிவுத்திறன் சோதனைகளோ பெரிய வீழ்ச்சியைக் காட்டவில்லை.

நான் எடுப்பேன் என்ற கேள்விக்கொத்தின் பெயர் பிரீஃப் (BRIEF). அது அந்த அன்றாடத்தைத்தான் கேட்கிறது. அதிலும் குறை உண்டு. “எனக்கு ஒண்டும் இல்லை” என்று பிள்ளை முடித்துவிடலாம். 2009இல் முள்ளிவாய்க்காலில் கஞ்சிக்கு வரிசையில் நின்ற தாய்க்கு, தட்டைத் தள்ளிவைக்கும் மகளைப் பார்த்தால் எல்லாக் கேள்விக்கும் ‘அடிக்கடி’ என்ற பதிலே விழக்கூடும். அதனால் தாளைக் கொடுத்து அனுப்பக்கூடாது. தாயிடமும் மகளிடமும் தனித்தனியாக இருந்து, “கடைசியா எப்ப அப்பிடி நடந்தது அம்மா? மெலியிறதுக்கு முந்தியும் இப்பிடியோ?” என்று ஒவ்வொன்றுக்கும் நடந்த சம்பவம் கேட்க வேண்டும்.

எடை மீண்ட பிறகு அதே கேள்விகளை அதே ஆட்களிடம் திரும்பக் கேட்கலாம். சீட்டில் அது சரிவராது. விதி மாறும் என்று ஒருதரம் கண்டுகொண்ட பிள்ளைக்கு அடுத்த தரம் அது வேறு சோதனை.