டாக்டர் ஹூ பழைய தொடர்: பதினைந்து வருடம் டிஸ்க்கில் பார்த்த அனுபவம்

டாக்டர் ஹூ, காலத்தில் பயணம் செய்யும் டாக்டர் என்பவரைப் பற்றிய பிபிசி அறிவியல் கதைத் தொடர். அதில் நான் முதலில் வாங்கியது 'தி ஆஸ்டெக்ஸ்' என்ற கதையின் டிவிடி. 2010-ல், லண்டனில் வீட்டுக்குப் பக்கத்தில் பழைய பொருட்கள் விற்கும் கடையில் 2 பவுண்டுக்குக் கிடைத்தது. டாக்டர் ஹூ என்றால் 2005-க்குப் பிறகு வந்த புதிய தொடர் மட்டும்தான் எனக்குத் தெரியும். இது 1964-ல் ஒளிபரப்பான கறுப்பு வெள்ளைக் கதை, நான்கு எபிசோட். கோடு விழும், அசைவு விட்டு விட்டு இருக்கும் என்று எதிர்பார்த்துப் போட்டேன். ஆனால் பார்பராவாக வரும் ஜாக்குலின் ஹில் தலையைத் திருப்பியபோது, பக்கத்து அறையில் நிற்கும் ஒருவர் திரும்பிப் பார்ப்பது போல இருந்தது. பழைய சினிமாவில் இருக்கும் அந்தத் தூரமே இல்லை. நான்கு எபிசோடையும் ஒரே இரவில் பார்த்துவிட்டு, இது எப்படி என்று தேட ஆரம்பித்தேன்.

அதற்குக் காரணம் விட்ஃபயர் என்ற ஒரு வேலை. பிரிட்டிஷ் டிவி நொடிக்கு 50 தடவை படத்தைப் புதுப்பித்தது. ஸ்டூடியோ வீடியோவின் அந்த வழவழப்பான அசைவு அங்கிருந்து வருவது. வெளிநாட்டுக்கு விற்கும்போது, ஒரு மானிட்டருக்கு எதிரே ஃபிலிம் கேமராவை வைத்து 16 மி.மீ. ஃபிலிமில் பதிவு செய்தார்கள். ஃபிலிமில் நொடிக்கு 25 படம்தான். பாதி அசைவு அங்கேயே போய்விட்டது. மூல வீடியோ டேப்பும் அழிக்கப்பட்ட பிறகு மிஞ்சியது இந்த ஃபிலிம் மட்டும். ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் நடுவில் என்ன அசைவு இருந்திருக்கும் என்று கணக்கிட்டு, அந்தப் பாதியைத் திரும்ப உருவாக்குவதுதான் விட்ஃபயர். 1964-ல் வீட்டில் டிவி முன் உட்கார்ந்திருந்தவர் கண்டதற்கு மிக அருகில் இது நம்மைக் கொண்டுபோகிறது.

இதில் நானே செய்த ஒரு பெரிய தவறைச் சொல்லிவிடுகிறேன். 2014 வாக்கில் டிஸ்க்குகளையெல்லாம் கணினியில் ஏற்றிவைத்தேன். வேலை முடிந்த பிறகுதான் கவனித்தேன், மாற்றிய கோப்புகள் எல்லாம் நொடிக்கு 25 படம். விட்ஃபயர் மீட்டுக்கொடுத்த அத்தனையையும் அந்த மென்பொருள் திரும்பத் தூக்கி எறிந்திருந்தது. நீங்கள் ஏற்றிவைப்பதாக இருந்தால் 50-ஆக வைக்கும் அமைப்பைத் தேர்ந்தெடுங்கள். டிவியில் அசைவை மென்மையாக்கும் வசதி இருந்தால் அதையும் அணைத்துவிடுங்கள். இருக்கும் அசைவின் மேல் அது தன் கற்பனையையும் சேர்த்துவிடும். படம் நன்றாக இல்லை என்று குறைப்பட்ட நண்பர்கள் இரண்டு பேர் வீட்டில் இதை மட்டும் மாற்றினேன், குறை தீர்ந்தது.

டேப்புகள் ஏன் அழிந்தன என்பது தெரிந்தால்தான் இந்த டிஸ்க்குகளின் அருமை புரியும். 1967 முதல் 1978 வரை பிபிசி பழைய நிகழ்ச்சிகளை அழித்துக்கொண்டே இருந்தது. இரண்டு அங்குல டேப் விலை அதிகம், அழித்துவிட்டுத் திரும்பப் பயன்படுத்தலாம். நடிகர் சங்க ஒப்பந்தப்படி மறு ஒளிபரப்புக்கும் கட்டுப்பாடு இருந்தது. வண்ண ஒளிபரப்பு வந்த பிறகு கறுப்பு வெள்ளையை யார் வாங்கப்போகிறார்கள் என்ற எண்ணம் வேறு. முதல் ஆறு வருடங்களின் 253 எபிசோடுகளில், 2013-ல் நடந்த பெரிய மீட்புக்குப் பிறகும் 97 கிடைக்காமல் இருந்தன. ஒலி மட்டும் எல்லாவற்றுக்கும் இருக்கிறது. ரசிகர்கள் வீட்டில் டேப் ரெக்கார்டரை வைத்து அந்தந்த வாரமே பதிவு செய்ததால் பிழைத்தது அது.

என் அலமாரியில் ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளலாம் என்றால் 2013-ல் வந்த 'தி மைண்ட் ஆஃப் ஈவில்' டிவிடியைத்தான் எடுப்பேன். 1971 கதை, ஆறு எபிசோட், டாக்டராக ஜான் பெர்ட்வீ (அந்தந்தக் காலத்தில் டாக்டராக வேறு வேறு நடிகர்கள் வருவார்கள்). சிறைக் காட்சிகளை டோவர் கோட்டையில் எடுத்திருக்கிறார்கள். வண்ணத்தில் ஒளிபரப்பானது, ஆனால் மிஞ்சியது கறுப்பு வெள்ளை ஃபிலிம் பிரதிகள். பிரதி எடுக்கும்போது வண்ண சிக்னலை வடிகட்டியிருக்க வேண்டும். பல பிரதிகளில் அதைச் செய்யவில்லை. அதனால் வண்ணத் தகவல் மிக நுண்ணிய புள்ளிகளாகக் கறுப்பு வெள்ளைப் படத்தின் மேலேயே படிந்துவிட்டது. அன்றைக்கு அது ஒரு கோளாறு, படத்தைக் கெடுக்கும் இரைச்சல். அந்தப் புள்ளிகளைப் படித்தால் மூல வண்ணத்தையே மீட்கலாம் என்று பிபிசியின் ஜேம்ஸ் இன்செல் முன்வைத்தார். ரிச்சர்ட் ரஸல் அதற்கான மென்பொருளை எழுதினார். இரண்டு முதல் ஆறு வரை உள்ள எபிசோடுகளின் வண்ணம் அப்படி வந்தது. முதல் எபிசோடில் புள்ளிகள் இல்லை, அதற்குக் கையால் வண்ணம் கொடுத்தார்கள்.

பத்து வருடத்தில் நான்கைந்து முறை பார்த்திருக்கிறேன். வண்ணம் சில இடங்களில் நிலையாக நிற்காது. முகத்தில் ஒரு ஷாட்டுக்கும் அடுத்ததற்கும் இடையே சாயல் மாறும். அது எனக்குக் குறையாகப் படவில்லை. அந்தச் சிவப்பு யாரோ இன்று யூகித்துப் பூசிய சிவப்பு அல்ல. அன்றைக்கு ஸ்டூடியோ கேமரா பார்த்த சிவப்பு. நாற்பது வருடம் ஃபிலிமுக்குள் ஒளிந்திருந்தது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிறைகிறது.

'தி எனிமி ஆஃப் த வேர்ல்ட்' வேறு வகை மகிழ்ச்சி. பேட்ரிக் ட்ரவுட்டன் இரட்டை வேடம்: டாக்டரும் அவரே, உலகத்தையே கைக்குள் போடப் பார்க்கும் சலமாண்டரும் அவரே. நம் ஊர் இரட்டை வேடப் படங்களில் ஊறியவர்களுக்கு இது சொந்த வீடு மாதிரி. ஆறில் மூன்றாவது எபிசோட் மட்டுமே நெடுங்காலம் இருந்தது. அதை மட்டும் பார்த்து, சுமாரான கதை என்று பலர் முடிவு கட்டியிருந்தார்கள். 2013-ல் நைஜீரியாவின் ஜோஸ் நகரத்தில் ஒரு டிவி நிலையத்தில் ஃபிலிம் சுருள்கள் கிடைத்ததாக அறிவிப்பு வந்தது. அடுத்த மாதமே டிவிடி. முழுதாகப் பார்த்தபோது கதையின் மதிப்பே மாறிவிட்டது. அதே இடத்தில் கிடைத்த 'தி வெப் ஆஃப் ஃபியர்' கதையில் மூன்றாவது எபிசோட் மட்டும் இன்னும் இல்லை. 2014 டிவிடியில் அந்த இடத்தில் அசையாப் படங்களும் ரசிகர் பதிவு செய்த ஒலியும் வரும். அந்த இருபத்தைந்து நிமிடத்தைத் தாண்டிப் போகாதீர்கள். ஒலியே பாதிக் கதையைச் சொல்லிவிடும்.

கூடுதல் அம்சங்களில் நான் மிக அதிகம் பயன்படுத்தியது தயாரிப்புத் தகவல் சப்டைட்டில். படம் ஓட ஓட, எந்த நாளில் எடுத்தார்கள், எந்த வசனத்தை வெட்டினார்கள் என்று கீழே எழுத்தில் வந்துகொண்டே இருக்கும். முதல் முறை அதில்லாமலும் இரண்டாம் முறை அதோடும் பார்ப்பது என் வழக்கம். நடித்தவர்கள் படத்தைப் பார்த்தபடியே பேசிப் பதிவு செய்த பேச்சுத் தடத்தின் மதிப்பு எனக்குத் தாமதமாகத்தான் புரிந்தது. 2001-ல் வந்த 'ஸ்பியர்ஹெட் ஃப்ரம் ஸ்பேஸ்' டிவிடியில், அந்தக் கதையில் நடித்த நிக்கலஸ் கோர்ட்னியும் கேரலைன் ஜானும் சேர்ந்து உட்கார்ந்து பேசியிருக்கிறார்கள். அவர் 2011-லும் இவர் 2012-லும் மறைந்தார்கள். ஆகவே ப்ளூ-ரே வாங்கிவிட்டோம் என்று பழைய டிவிடியை விற்றுவிடாதீர்கள்.

மெனு மட்டும் ஒரு தொல்லை. பல டிவிடிகளில் கதையின் முக்கியமான காட்சிகளையே பின்னணியில் ஓட விடுகிறார்கள். கதை தெரியாதவர் பக்கத்தில் இருந்தால் டிவியை அணைத்து வைத்து, டிஸ்க் ஏறியதும் பிளே அழுத்தி, பிறகு டிவியைப் போடுகிறேன்.

ப்ளூ-ரேயைப் பற்றி வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். 2018-ல் 12-ஆம் சீசனோடு 'தி கலெக்‌ஷன்' வரிசை தொடங்கியது. பெரும்பாலும் வீடியோ டேப்பில் எடுத்த தொடர் இது. டேப்பில் இல்லாத நுணுக்கம் எந்த டிஸ்க்கிலும் வராது. டிவிடியைவிடக் கொஞ்சம் சுத்தமாக, உறுதியாக இருக்கும், அவ்வளவே. உண்மையான எச்டி வேண்டும் என்றால் மேலே சொன்ன 'ஸ்பியர்ஹெட்' கதையின் 2013 ப்ளூ-ரே. பிபிசி ஸ்டூடியோவில் வேலைநிறுத்தம் நடந்ததால் அந்தக் கதை முழுவதையும் 16 மி.மீ. ஃபிலிமில் எடுத்தார்கள். கடைக் கண்ணாடியை உடைத்துக்கொண்டு பொம்மைகள் தெருவுக்கு வரும் காட்சியை அதில் பார்க்க வேண்டும். 'கலெக்‌ஷன்' பெட்டிகளில் நான் விரும்புவது, அந்தக் கால நடிகர்கள் சோஃபாவில் உட்கார்ந்து தங்கள் எபிசோடையே பார்க்கும் பகுதி.

இந்தப் பெட்டிகளின் முதல் பதிப்பு தீர்ந்ததும் வெளியே இரண்டு மூன்று மடங்கு விலை சொல்கிறார்கள். அவசரப்பட்டு ஒரு முறை கொடுத்தேன். சில மாதத்தில் அதே டிஸ்க்குகள் எளிய உறையில் சாதாரண விலைக்கு வந்தன. இன்னொரு பெட்டி, ஒரு இணையக் கடையில் வாங்கியது, ஒரு டிஸ்க் கழன்று கீறலோடு வந்தது. மூன்று முறை எழுதிய பிறகு மாற்றிக்கொடுத்தார்கள். வந்த அன்றே எல்லா டிஸ்க்கையும் போட்டுப் பாருங்கள்.

2023 நவம்பரில் 800-க்கும் மேற்பட்ட எபிசோடுகளை பிபிசியின் இணையச் சேவையான ஐபிளேயரில் போட்டார்கள், நல்ல காரியம். ஆனால் உரிமைச் சிக்கலால் தொடரின் முதல் கதை அப்போது அதில் சேரவில்லை. 1963 நவம்பர் 23-ல் ஒளிபரப்பான அதன் முதல் எபிசோடை நானும் என் மகளும் 2006-ல் வந்த 'தி பிகினிங்' டிவிடி பெட்டியில்தான் பார்த்தோம்.

அவளோடு பார்க்கத் தொடங்கிய பிறகு என் பழக்கம் மாறிவிட்டது. சனிக்கிழமை மாலை ஒரே ஒரு எபிசோட், இருபத்தைந்து நிமிடம். ஆறு எபிசோடை ஒரே மூச்சில் பார்த்தால் ஓடுவதும் பிடிபடுவதும் தப்புவதுமாகச் சலிக்கும். வாரத்துக்கு ஒன்று என்றால் ஒவ்வொரு முடிவும் அதன் வேலையைச் செய்கிறது. புதன்கிழமை சாப்பிடும்போது, 'அப்பா, அந்தக் கதவுக்குப் பின்னாடி யாரா இருக்கும்?' என்று கேட்பாள்.

தமிழ்நாட்டிலோ இலங்கையிலோ இருந்து வாங்குகிறவர்கள் மண்டல எண்ணைப் பார்த்துக்கொள்ளுங்கள். பிரிட்டன் டிவிடி மண்டலம் 2, அங்கே 5. ப்ளூ-ரே என்றால் இங்கே பி, அங்கே சி. எல்லா மண்டலமும் ஓடும் பிளேயர் இல்லாமல் பணம் போடாதீர்கள். பிளேயர் இருந்தால் 'ஆஸ்டெக்ஸ்' ஒன்றை மட்டும் வாங்கி, முதல் எபிசோடைப் போட்டுப் பாருங்கள்.