ஃபன்னி கேர்ள்: மேடையா, திரையா?

ஃபேனி பிரைஸ், அமெரிக்க மேடையையும் வானொலியையும் சிரிக்க வைத்தவர். அவர் கதையைச் சொல்லும் இசை நாடகம் ‘ஃபன்னி கேர்ள்’; பிறகு அதுவே படமாகவும் வந்தது. எதில் பார்க்கலாம் என்று குழம்புபவர்களுக்கு:

ஆள்
மேடை: 1964ல் நியூயார்க்கின் நாடக அரங்கப் பகுதியான பிராட்வேயில், பிரைஸாக நடித்தவர் பார்பரா ஸ்ட்ரைசாண்ட். பிறகு வந்தவர்கள் எல்லாம் அவரோடு ஒப்பிடப்பட்டே தீர்ந்தார்கள், பாவம்.
திரை: 1968ல் அதே ஸ்ட்ரைசாண்ட், இயக்கம் வில்லியம் வைலர். சிறந்த நடிகைக்கான ஆஸ்காரை கேத்தரின் ஹெப்பர்னோடு பகிர்ந்துகொண்டார்.

பாட்டு
இங்கேதான் பெரிய வித்தியாசம். மேடையின் முடிவில் ஜூல் ஸ்டைன் இசையமைத்த புதுப் பாடல்கள்தான். படமோ, பிரைஸ் நிஜ வாழ்க்கையில் பாடிப் புகழ்பெற்ற ‘மை மேன்’ பாடலோடு முடிகிறது. கணவன் பிரிந்த வலியை அந்த ஒரு பாட்டே சொல்லிவிடுகிறது. என் ஓட்டு இதற்குத்தான்.

பிரம்மாண்டம்
மேடை: கற்பனைதான் செலவு.
திரை: நியூயார்க் துறைமுகத்தில் இழுவைப் படகில் நின்று பாடும் காட்சி. மேடையில் இதை எப்படிக் காட்டுவது?

உண்மை
இரண்டிலும் கொஞ்சம் குறைவு. தயாரிப்பாளர் ரே ஸ்டார்க், பிரைஸின் மருமகன். அதனால் கணவர் நிக்கி ஆர்ன்ஸ்டைன் நிஜத்தைவிட நல்லவராகத் தெரிகிறார். பிரைஸின் முதல் திருமணத்தைப் பற்றிப் பேச்சே இல்லை.

சரி, எதைப் பார்க்கலாம்? முதல் முறை என்றால் படம். நகைச்சுவைக்குப் பார்வையாளர் சிரிப்புச் சத்தம் கூடவே வேண்டும் என்பவர்கள் மேடையைத் தேடலாம்.