எங்கள் கொல்லையில் எட்டு ஆண்டுகளாகப் பன்னீர் ரோஜா

மதுரையில் எங்கள் வீட்டுக் கொல்லையில், 2016ஆம் ஆண்டு ஐப்பசி மழை தொடங்கியபோது நான்கு பன்னீர் ரோஜாக் குச்சிகளை நட்டேன். பிழைத்த இரண்டும் இன்று மார்பளவு உயரத்தில் புதராக அடர்ந்து நிற்கின்றன. இடைப்பட்ட காலத்தில் நாற்றுப்பண்ணைகளிலிருந்து வாங்கி வைத்த ஒட்டு ரோஜாக்களில் ஒன்றுகூட இப்போது இல்லை.

1867இல் பிரான்சில், நவீன ரோஜாக்களின் தொடக்கமாகக் கருதப்படும் 'லா பிரான்ஸ்' என்னும் ரோஜா அறிமுகமாவதற்கு முன்பே வழக்கிலிருந்த வகைகளைப் பழமை ரோஜாக்கள் என்று கொள்கிறார்கள். நம் ஊரில் எட்வர்ட் ரோஜா என்றும் சொல்லப்படும் இச்செடி அவற்றுள் பூர்பன் பிரிவைச் சேர்ந்தது. முன்பு பூர்பன் என்று பெயர் பெற்றிருந்த ரீயூனியன் தீவில், டமாஸ்க் ரோஜாவும் சீன ரோஜாவும் வேலிகளில் அருகருகே வளர்ந்து கலந்ததில் பிறந்த பிரிவு அது. டமாஸ்கின் மணமும், விட்டுவிட்டு ஆண்டு முழுவதும் பூக்கும் சீன ரோஜாவின் இயல்பும் இதில் சேர்ந்திருக்கின்றன.

2019 கோடையில், கிளையை நுனியிலிருந்து கீழ்நோக்கிக் காயவைக்கும் நுனிக்கருகல் நோய் ஒரு செடியின் எல்லாக் கிளைகளிலும் இறங்கி, தரையிலிருந்து ஒரு சாண் மட்டும் விட்டு வெட்ட வேண்டியதாயிற்று. ஒட்டுச் செடிக்கு இந்நிலை வந்தபோதெல்லாம் மேற்பகுதி பட்டுப்போய், ஒட்டுக் கட்டுவதற்கு அடியில் வைத்த வேறு ரோஜாவான வேர்க்கட்டையின் காட்டுத் தளிர்தான் கிளம்பியது. பன்னீர் ரோஜாவோ தன் சொந்த வேரில் நிற்பது. ஆகவே நாற்பது நாள்களில் அடியிலிருந்து கருஞ்சிவப்பாகத் தளிர்த்து, அதே பூவைத் தந்தது. எட்டு ஆண்டுகளில் நான் கண்ட மிகப்பெரிய நன்மை இதுவே.

குறைகளும் உண்டு. செதில் பூச்சி முதிர்ந்த தண்டில் செம்பழுப்புப் பொருக்குபோல் ஒட்டிக்கொள்கிறது. நகத்தால் சுரண்டினால்தான் உள்ளே மஞ்சள் நிறப் பூச்சி தெரியும். வேப்பெண்ணெயைச் சோப்புக் கரைசலில் கலந்து, பழைய பல் துலக்கியால் தண்டைத் தேய்த்துவிடுவதும், மிகவும் பீடித்த கிளைகளை வெட்டி எரிப்பதுமே எனக்குப் பலன் தந்தன. முள் மிகுதி என்பதால் நடைபாதையோரம் நடக் கூடாது. பூவும் குவளையில் வைப்பதற்கானதன்று. காலையில் விரிந்தது மறுநாளே உதிர்ந்துவிடும். சித்திரை வெயிலில் பூ பாதியளவாகச் சிறுத்து நிறமும் வெளுக்கிறது.

ஆனால் தை, மாசி மாதங்களில், விடிவதற்கு முன் பறித்த முப்பது பூக்களைப் பித்தளைத் தட்டில் வைத்தால் கூடம் முழுவதும் மணக்கும். வெயில் ஏறியபின் பறிப்பவற்றில் அந்த மணம் இல்லை. மருந்து தெளிக்காத அவ்விதழ்களைக் கற்கண்டுத் தூளுடன் அடுக்கடுக்காகப் போட்டு, மூன்று வாரம் வெயிலில் வைத்துக் குல்கந்து செய்கிறோம்.

ஆண்டுதோறும் கார்த்திகைக் கடைசியில் கவாத்து செய்து, வெட்டுவாயில் போர்டோ பசை (மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த பூஞ்சணத் தடுப்புப் பசை) தடவி, தூருக்கு இரண்டு கூடை மக்கிய எரு இடுகிறேன். ஏறத்தாழ நாற்பத்தைந்து நாள்களில் மொட்டு வருகிறது. வெட்டிய கிளைகளை வீணாக்குவதில்லை. பென்சில் கனமுள்ள பன்னிரண்டு குச்சிகளைச் சென்ற முறை நிழலில் ஊன்றினேன்; ஏழு வேர்பிடித்துள்ளன.