லேப்டாப்பில் ப்ராசசர் மாற்றித் தருகிறேன் என்றால் நம்பாதீங்க, என் 23,500 ரூபாய் போச்சு

முழுக்கதையும் இன்று காலைதான் புரிந்தது, கோபம் இன்னும் இறங்கவில்லை, பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஏமாறாமல் இருக்க என்னென்ன பார்க்கணும் என்று கடைசியில் விளக்கமாகச் சொல்கிறேன்.

கல்யாண வீடியோ எடிட்டிங்தான் என் பிழைப்பு, பெரம்பூரில் வீட்டிலேயே உட்கார்ந்து செய்வது. லேப்டாப் 2018 மாடல், ப்ராசசர் இன்டெல் ஐ5 8300எச், கிராபிக்ஸ் ஜிடிஎக்ஸ் 1050 டிஐ. முகூர்த்த மாதம், வேலை குவிந்து கிடக்கிறது, புதுசு வாங்கக் காசு இல்லை. சென்னையில் எலெக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஒரு மாடி சர்வீஸ் கடைக்குப் போனேன். அந்தத் தெருவில் ஒழுங்கான கடைகளும் எத்தனையோ உண்டு, நான் ஏறியது அந்த மாடி.

நம்பிய இடத்தைச் சொல்லணும். அந்த ஆள் என் கண் முன்னாடியே அடிப்பக்கத்தைத் திறந்து பிரஷ்ஷால் தூசியெல்லாம் தட்டினார், "இதுக்கெல்லாம் காசு வேணாம் தம்பி" என்றார், டீ சொன்னார். இன்னும் வேகமான ஐ7 8750எச் ப்ராசசர் போட்டு, கிராபிக்ஸையும் ஓவர்க்ளாக் செய்தால், அதாவது அதற்கு வைத்த வேகத்தைத் தாண்டி ஓடவிட்டால், அடுத்த மாடலான 1060 மாதிரி ஓடும், மொத்தம் 26,500, உன் பழைய ப்ராசசரை நானே எடுத்துக்கிறேன், அதுக்கு 3,000 கழிச்சுக்கோ என்றார். அந்த 3,000தான் என்னைக் கவிழ்த்தது. பழைய பொருளுக்கு விலை பேசுகிறவன் ஏமாற்ற மாட்டான் என்று நினைத்துவிட்டேன். 23,500 கொடுத்தேன், வெள்ளைத் தாளில் ஒரு கிறுக்கல், அதுதான் பில்.

இரண்டு நாள் கழித்துப் போனால் சிஸ்டம் ப்ராப்பர்ட்டீஸில் ஐ7 என்றே காட்டியது. சந்தோஷமாக மெட்ரோ ஏறினேன். ஆனால் ரெண்டர், அதாவது எடிட் செய்ததை முழு வீடியோவாக்குவது, அதே நேரம்தான் எடுத்தது, ஃபேன் கிரைண்டர் மாதிரி கத்தியது, சூடு 97 டிகிரி, நாலாம் நாள் ஸ்க்ரீனில் பச்சைப் புள்ளிகள் வந்து அப்படியே கறுத்துப் போனது. தாலி கட்டுகிற சீனில்.

போன் செய்தால் "விண்டோஸ் அப்டேட் போடு தம்பி, சரியாயிடும்". அப்புறம் "ஓனர் ஊர்ல இல்ல". நேரில் போனால் "நீ ஓவரா ஓட்டியிருக்க". வாட்ஸ்அப்பில் நீல டிக் மட்டும்.

நேற்று ராத்திரி என் அக்கா பையன் உட்கார்ந்து பார்த்தான். டாஸ்க் மேனேஜரில் கோர் 4, லாஜிக்கல் ப்ராசசர் 8. ஐ7 8750எச்சுக்கு 6, 12 இருக்கணும். ப்ராப்பர்ட்டீஸில் தெரிகிற பெயர், விண்டோஸ் தன் விவரங்களை வைத்திருக்கும் ரிஜிஸ்ட்ரியில் இருக்கும் ஒரு வரிதானாம், மாற்றி எழுதிவிடலாம், ரீஸ்டார்ட் செய்தால் பழைய பெயர் திரும்பிவிடும். அதனால் ஒவ்வொரு முறை ஆன் ஆகும்போதும் ஐ7 என்று எழுத ஒரு குட்டி பைலை ஸ்டார்ட்டப்பில் ஒளித்து வைத்திருக்கிறார்கள். காலையில் அதை அழித்துவிட்டு ரீஸ்டார்ட் போட்டான். ஐ5 8300எச். என் பழைய ப்ராசசர், நான் 3,000க்கு விற்றது, எங்கேயும் போகாமல் உள்ளேயே உட்கார்ந்திருக்கிறது! போகவும் முடியாது, மதர்போர்டிலேயே சால்டர் செய்தது. கிராபிக்ஸ் மெமரியின் வேகத்தை மட்டும் நிஜமாகவே கண்டபடி ஏற்றி விட்டிருக்கிறார்கள், புள்ளி புள்ளியாக வந்தது அதனால்தானாம்.

இதைக் கேட்டதற்கு அந்த ஆள், "சாஃப்ட்வேர் அப்கிரேடுன்னு சொல்லித்தானே வாங்கினேன்" என்கிறார். 23,500 ரூபாய்க்கு ஒரு பெயர்ப்பலகை.

சரி, என்ன பார்க்கணும் என்றால்: இந்தக் கால லேப்டாப்பில் ப்ராசசரும் கிராபிக்ஸும் பெரும்பாலும் போர்டோடு ஒட்டியவை, மாற்றுகிறேன் என்பவரிடம் சிப்பைக் கழற்றி மாட்டுகிற சாக்கெட்டைக் காட்டச் சொல்லுங்கள். ப்ராசசர் ஓவர்க்ளாக் எல்லா சிப்பிலும் நடக்காது, என் எட்டாம் தலைமுறையில் பூட்டில்லாத லேப்டாப் சிப் ஐ9 8950எச்கே. காசு கொடுக்கும் முன் கடையிலேயே, உள்ளே இருக்கும் சிப் எது என்று காட்டும் சிபியு-இசட் என்ற சாஃப்ட்வேரைப் போட்டுப் பாருங்கள், ஜிஎஸ்டி பில் இல்லாமல் ஒரு ரூபாய் தராதீர்கள். வேகம் வேணுமென்றால் முதலில் ரேமும் எஸ்எஸ்டியும் போடுங்கள். 1915 நுகர்வோர் எண்ணில் புகார் சொல்லப் போகிறேன், அந்த வெள்ளைத் தாளை வைத்து என்ன நடக்குமோ. இன்னும் நாலைந்து எழுத நினைத்தேன், மாப்பிள்ளை வீட்டார் மூணாவது தடவை போன் அடிக்கிறார்கள்.